ஓராங் துவா சாப்பிட வருகிறார்கள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாயால் வழி சொன்னால் ஏறுவதில்லை. எதிரே ஒருத்தன் உயிரோடு நின்று, கையை நீட்டி, "இது இல்லை, பக்கத்து வீடு" என்கிறேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுகிறார்கள். கையிலிருக்கும் போனைப் பார்க்கிறார்கள். மறுபடியும் என் கதவையே பார்க்கிறார்கள். அந்தப் போன் என் வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறதாம். கிழவன் பொய் சொல்வான், புள்ளி பொய் சொல்லாது. காலையில் கோப்பியை வாயில் வைக்க விடாமல், சக்கரப் பெட்டியைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். ஒருத்தி என்னையே கதவோரம் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்டேன். சிரித்தாள்.

நான் லோரி ஓட்டினவன். ஆயர் குரோவிலும் குருபோங்கிலும் தொழிற்சாலை கட்டிய காலத்தில் மணலும் கல்லும் இறக்கியவன். பேர் கருப்பையா. மனைவி போன பிறகு மலாக்கா காஜா பேராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் ஓரத்தில், வாடகைக்கு இருக்கிறேன். தேடி வருகிறவர்களுக்கு வேண்டியது என் வீடு இல்லை, அடுத்த வீடு. தேவதாஸ் வீடு. அவன் வீடு என்று சொல்வதும் தப்பு. அவன் மனைவி ருக்மணியின் அப்பா விட்டுப்போன வீடு. ருக்மணி செட்டிப் பெண், எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே கலந்துபோன வியாபாரிகளின் வம்சம். அவர்கள் சாமி நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். கல்யாணமாகி வந்த பிறகுதான் தேவதாஸிடம் தமிழ் பழகினாள். அவள் தமிழ் கொஞ்சம் நொண்டும். ஆனால் நிற்காது.

தேவதாஸ் பஸ் நிலையத்தில் டேக்சி வைத்திருந்தான். ஒரு நாள் மத்தியானமே வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு என் வாசலில் குந்தினான்.

"என்னடா, வண்டி படுத்துக்கிச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா. ஆளுதான் ஏற மாட்டேங்குறான். பஸ்ஸ விட்டு எறங்குறவன் எங்கள தாண்டிப் போயி, ரோட்டோரம் நின்னு போன தடவுறான். ஒரு பொடியன் கார் கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போறான். நாங்க எட்டுப் பேரு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கோம்."

"நீயும் அதுல சேர வேண்டியதுதானே?"

"சேந்து பாத்தேன். எடது பக்கம் திரும்பு, எடது பக்கம் திரும்புங்குது. அங்கிட்டு ஆறு மாமா! சண்ட போட்டுட்டு வந்துட்டேன்."

"யாரோட?"

"போனோடதான்."

பிறகுதான் ருக்மணிக்கு அந்த யோசனை வந்தது. முன்னறை இரண்டையும் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு விடுவது. போனில் படம் போட்டாள். வாசல் கதவில் நம்பர்ப் பூட்டு மாட்டினான் தேவதாஸ். வருகிறவன் நம்பரைத் தட்டினால் பூட்டு 'பீப்' என்று கத்திவிட்டுத் திறக்கும். வீட்டுக்காரன் முகத்தையே பார்க்க வேண்டாம். எனக்கு அது பிடிக்கவில்லை. சாவி என்றால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். கொடுக்கிறபோது முகத்தைப் பார்ப்போம், நல்லவனா போக்கிரியா என்று கொஞ்சம் தெரியும். சொன்னேன்.

"அதெல்லாம் போன் பாத்துக்கும் மாமா" என்றான் தேவதாஸ்.

வீட்டில் ருக்மணியின் அண்ணன் தம்பிராஜாவுக்கும் பங்கு உண்டு. குருபோங்கில் இருக்கிறான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவன். அறை விடுகிற பேச்சு வந்தபோது அவன் ஒரே நிபந்தனைதான் போட்டான். மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"வருஷம் பூரா யார வேணா வெச்சுக்கோ. போகி அன்னிக்கி இது ஓராங் துவாவோட வீடு. அன்னிக்கி அந்த நேரத்துல வெளியாளு கால் உள்ள பட்டுச்சுன்னா, ரூம மூடிடணும். அப்பறம் எங்கிட்ட அழக் கூடாது."

ஓராங் துவா என்றால் வயதானவர்கள். மலாய்க்காரர்கள் அம்மா அப்பாவையும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டில் போகி அன்று அந்தப் பேச்சு வந்தால் செத்துப்போனவர்கள். பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் அவர்களுக்கு இலை போட்டு எல்லாம் வைப்பார்கள். பார்ச்சு என்பார்கள், நம் படையல் மாதிரி. வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று.

ருக்மணி ஒத்துக்கொண்டாள். அறைகளில் ஆள் வந்தது. அடுப்பு எரிந்தது. தேவதாஸ் டேக்சியைத் துடைத்துத் துணி போட்டு மூடிவிட்டான்.

இந்த வருஷப் போகிக்கு ஒருத்தரையும் சேர்க்காமல் போனில் நாளை அடைத்துத்தான் வைத்திருந்தாள். ஆனால் முதல் நாளே போக வேண்டிய இருவர் போக முடியவில்லை. சீன நாட்டிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். கோட்டை மேட்டில் ஏறி இறங்கியதில் அந்த அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. மகள் கையெடுத்துக் கும்பிட்டு இன்னும் ஒரு நாள் கேட்டாள்.

"எப்படி மாமா போகச் சொல்றது?" என்றாள் ருக்மணி. "காலு பாரு, பப்பாளி மாதிரி இருக்கு."

"ஒங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம் லா. சாயங்காலம் அவங்க வெளிய போவாங்க. நான் மெசேஜ் அனுப்பிட்டேன்."

"மெசேஜா? ஆளு முன்னறையிலதான இருக்கு? நேர்ல போயி சொல்லு."

"அவங்களுக்கு மலாய் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. நான் மலாய்ல பேசினா போன் சீனத்துல எழுதிக் குடுக்கும். நல்லா குடுக்கும் மாமா. போன வாரம் தண்ணி வரலன்னு சொன்னேன், கரெக்டா குடுத்துச்சு."

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானமே அந்த வீட்டுச் சமையல் வாசம் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மீன் பிண்டாங் கறி, பிலிம்பிக் காய் போட்ட சம்பால், தேங்காய்ப் பால் சோறு, வாழையிலையில் சுற்றி அவித்த குவே பலகாரம். தேவதாஸ் பின்கட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவினான். ருக்மணி அடுப்புக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் செருகியிருந்த போன் ணிங், ணிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துப் பார்ப்பாள். பார்க்கிற எனக்கே நிலைகொள்ளவில்லை. வீட்டுக்குள் போனேன், வெளியே வந்தேன்.

"அத அணைச்சு வையேன்."

"பதில் லேட்டா போட்டா மார்க் கொறைச்சிடுவாங்க மாமா."

"ஒனக்கு மார்க் போட அவங்க யாரு, வாத்தியாரா?"

"அதுக்கும் மேல" என்றான் தேவதாஸ், தேங்காய்த் துருவலை வாயில் போட்டுக்கொண்டு.

வெயில் தாழ அந்த அம்மாவும் மகளும் நொண்டிக்கொண்டே வாடகைக் காரில் ஏறிப் போனதை நான் பார்த்தேன். ருக்மணியும் பார்த்து மூச்சு விட்டாள். தம்பிராஜா வேட்டி கட்டி, மேல்துண்டு போட்டு, ஒரு போத்தல் பிராந்தியோடு வந்தான். அப்பாவுக்குப் பிடித்த சாமான். கூடத்தில் சாமி முன்னால் இலை மேல் இலையாகப் போட்டு, ஒவ்வொன்றாகப் பரிமாறி, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டார்கள். தம்பிராஜா கும்பிட்டான். பிறகு எல்லோரும் அடுப்படி வழியாகப் பின்னால் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பிலிம்பி மரத்தடியில் நின்றோம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேலி ஓரம் நின்றேன்.

முன்பக்க ரோட்டில் பூ அலங்காரம் செய்த ரிக்‌ஷா ஒன்று பாட்டை அலற விட்டுக்கொண்டு போனது. ஊர் பார்க்க வந்தவர்களுக்காக அப்படித்தான் அலற விடுகிறார்கள். காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் தேய்ந்து, தெரு மறுபடியும் அடங்கியது.

அப்போது உள்ளே பலகை கிறீச்சிட்டது.

தேவதாஸ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். உள்ளே யாரோ முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மாதிரி, "ம்... ம்மா..." என்று ஒரு முனகல். பிறகு ஒரு இருமல். கண்ணாடி டம்ளர் ஒன்றை நகர்த்தி வைக்கிற சத்தம்.

தம்பிராஜாவின் மூஞ்சி வெளுத்துப்போனது. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

"பாப்பா" என்றான். அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ருக்கு, கேட்டியா? பாப்பா உக்காருற சத்தம். முட்டி வலி. அதே சத்தம்."

ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பிராஜா அந்த மண்ணில் முட்டி போட்டு, கதவுக்குக் கும்பிடு போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "ஆஸ்பத்திரிக்கு வர லேட்டாயிடுச்சு பாப்பா, மன்னிச்சிடு, மன்னிச்சிடு" என்றான். எனக்கும் மயிர்க்கால் குத்திட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் செத்தவனுக்கு எதற்கு இருமல் என்று ஒரு பக்கம் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பிராஜா கதவை மெல்லத் தட்டித் திறந்தான். நாங்கள் பின்னாலேயே போனோம்.

இலைகளுக்குப் பக்கத்தில், கூடத்தில் கிடந்த மணைப் பலகையின் மேல், வீங்கின காலை நீட்டிக்கொண்டு அந்தச் சீனத்து அம்மா உட்கார்ந்திருந்தாள். ஊர் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மலாக்கா வரைபடத்தை மடித்து, விசிறியாக வைத்துச் சோற்றின் மேல் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் இலைக்குப் பக்கத்திலும் ஓர் ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தது. மகள் வாசலில் நின்று தெருவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்து குனிந்து கும்பிட்டு, போனில் கடகடவென்று பேசினாள். போன் மலாயில் ஒரு பெண் குரலில் சொன்னது:

"உங்கள் பெற்றோர் இன்னும் வரவில்லை. நாங்கள் காத்திருக்கிறோம். உணவு ஆறிவிட்டது."



முதலில் தம்பிராஜாவுக்குத்தான் வாய் திறந்தது. என்னென்ன சொன்னான் என்று எழுத வேண்டாம். "இதுங்கள யாரு உள்ள விட்டா?" என்று ருக்மணியிடம் பாய்ந்தான்.

"நம்பர் தெரியுமே அபாங்" என்றாள் ருக்மணி அண்ணனிடம். ரிக்‌ஷா அலறலில் பூட்டு கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை போல.

"வரக் கூடாதுன்னு சொல்லலயா நீ?"

"சொன்னேன். ஓராங் துவா சாப்பிட வருவாங்க, நாங்க எல்லாம் வெளிய போயிடுவோம்னு சொன்னேன்."

"வரக் கூடாதுன்னு சொன்னியா?"

ருக்மணி அண்ணனையே பார்த்தாள். "அத எப்படி அபாங் சொல்றது? ஓராங் துவா சாப்பிடறப்போ யாராச்சும் உள்ள போவாங்களா?"

தேவதாஸ் போனை வாங்கிப் பார்த்தான். ருக்மணி சொன்னதைப் போன் சீனத்தில் எப்படிக் கொடுத்திருந்தது என்று அந்தப் பெண் மலாய்க்குத் திருப்பிக் காட்டினாள். 'இன்று மாலை என் அம்மாவும் அப்பாவும் சாப்பிட வருகிறார்கள். நாங்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டோம்.' வயசானவர்கள் வரும்போது பிள்ளைகள் ஒருத்தரும் இல்லையாமே என்று அம்மாக்காரிக்கு மனசு கேட்கவில்லையாம். பழம் வாங்கிக்கொண்டு, அழைக்காமலே, உபசரிக்க வந்துவிட்டார்கள்.

"அவங்க செத்துட்டாங்க" என்று தேவதாஸ் மலாயில் போனுக்குச் சொன்னான். "இது செத்தவங்களுக்கு."

போன் அதைச் சொல்லிற்று. அந்த அம்மா கையிலிருந்த படம் விழுந்தது. வலிக்கிற காலை மடித்துக்கொண்டு இலைகளுக்கு முன்னால் நெற்றி தரையில் பட விழுந்தாள். மகள் அழுதாள்.

"மூடு" என்றான் தம்பிராஜா. "இந்த மாசத்தோட மூடு. பேச்சு பேச்சுதான்."

ஒரு பருக்கை சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகியன்று அந்த வீட்டில் அண்ணன் சாப்பிடாமல் போவது இதுதான் முதல் தடவை என்று ருக்மணி சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறின சோற்றை நாங்கள்தான் சாப்பிட்டோம். பிண்டாங் நன்றாகத்தான் இருந்தது. அதை அப்போது சொல்ல முடியுமா?

சீனத்து ஆட்கள் விடிந்ததும் போய்விட்டார்கள். பொங்கல் போனது. தேவதாஸ் டேக்சியின் மேல் போட்ட துணியை எடுத்துவிட்டு, பேட்டரி செத்துக்கிடப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடினான். ருக்மணி அறைகளில் இருந்த மெத்தை விரிப்புகளைத் துவைத்து மடித்தாள். வேலை கேட்டு ஆயர் குரோவுக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தாள். அந்த வயசில் யார் கொடுப்பான்?

அடுத்த வாரம் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. முன்பு மாதிரி இல்லை, விடாமல் அடித்தது. அந்தச் சீனத்து மகள் வீட்டைப் பற்றி எழுதியிருந்தாளாம். தேவதாஸ் வேலி மேல் சாய்ந்துகொண்டு தமிழில் சொன்னான்.

"'இந்த வீட்டில் இறந்துபோனவர்களுக்கும் இலை போடுகிறார்கள். தெரியாமல் நாங்கள் அவர்களோடு உட்கார்ந்தோம். என் அம்மா அவர்களுக்கு ஈ விரட்டினாள். இந்தப் பயணத்தில் வேறு எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.' எலயப் படம் எடுத்துப் போட்டிருக்கா மாமா. அவங்க உள்ள வந்ததும் எடுத்தது. இப்ப பாருங்க, எந்தெந்த ஊர்க்காரனோ கேக்குறான், செத்தவங்களோட சாப்பாடு ரூமோட சேத்தியான்னு."

"ஏண்டா, இதுக்கு என்ன பதில் போடுவே?"

"தெரியல மாமா" என்றான். ஆனால் அவன் மூஞ்சியில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பிராஜாவின் கார் வந்து நின்றது. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நானும் போனேன். ஆள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றுப்பயணக் கம்பெனிக்காரன் ஒருத்தன் அவன் வீட்டைத் தேடிப் பிடித்துப் போய்ப் பேசியிருக்கிறான். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவானாம். கூடத்தில் இலை போட்டு, விளக்கு வைத்து, சாம்பிராணி போட வேண்டுமாம். அவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், பிறகு சாப்பிடுவார்கள்.

"நம்ம ஆளுங்களப் பத்தி ஊருக்குத் தெரியட்டும்" என்றான் தம்பிராஜா. "ரூமும் இருக்கட்டும். மூட வேணாம். இது ஒண்ணு மட்டும் செய்."

ருக்மணி கதவில் சாய்ந்து நின்றாள். "சனிக்கிழமை கூப்பிட்டா பாப்பா வருவாரா அபாங்?"

"அவரு வர வேணாம். எல போட்டா போதும். வர்றவனுக்கு என்ன தெரியும்?"

"செய்யலன்னா?"

"அப்ப மூடிடு. போகி அன்னிக்கி நடந்தது மறந்து போச்சா?"

தேவதாஸ் தொண்டையைக் கனைத்தான். "ருக்கு, சும்மா நடிப்புதானே. நெசப் போகி நெசமாவே இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, அந்தக் கம்பெனிக்காரன் இன்னொண்ணு கேட்டானாம். வெறும் எலய எவ்வளவு நேரம் பாப்பாங்க? யாராச்சும் வயசானவங்க வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு எலைக்கு முன்னால உக்காந்தா நல்லாருக்குமாம். நீங்கதான் சும்மா இருக்கீங்களே..."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"டேய், நான் இன்னும் சாகலடா."

"சாக வேணாம் மாமா. உக்காந்தா போதும்."

ருக்மணி சிரித்துவிட்டாள். போகிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. வாசலுக்குப் போனாள். நம்பர்ப் பூட்டின் மூடியை நகத்தால் நெம்பி, உள்ளே இருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பூட்டு 'பீப், பீப்' என்று இரண்டு தடவை கத்திவிட்டுச் செத்தது.

"ருக்கு, என்ன பண்றே?" என்று தேவதாஸ் எழுந்தான்.

"பெரிய சாவி எங்க இருக்கோ தேடு. இனிமே வர்றவங்க கதவத் தட்டட்டும். நான் தொறக்கறேன். போகிக்கு வரக் கூடாதுன்னு என் வாயால சொல்றேன்." அண்ணன் பக்கம் திரும்பி மலாயில் சொன்னாள்: "சனிக்கிழமை எல கெடையாது. மூடணும்னா மூடு. ஆனா கம்பெனிக்காரன் கதை கேட்டா முழுசாச் சொல்லிடுவேன். பின்வாசல்ல மண்ணுல முட்டி போட்டு யாரு அழுதாங்க, யாரோட இருமலக் கேட்டு மன்னிப்புக் கேட்டாங்கன்னு. அந்தப் பொண்ணுக்கு அது தெரியாது. தெரிஞ்சா அதையும் எழுதியிருப்பா."

கையிலிருந்த பேட்டரிகளை அவள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அதில் ஒன்று உருண்டு தம்பிராஜாவின் கால்கிட்டே போய் விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான். எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அந்த அம்மா முட்டி எப்படி இருக்காம்?" என்று கேட்டான் கடைசியில்.

"வத்திடுச்சாம். எழுதியிருந்தா."

"அன்னிக்கி வெச்ச பிண்டாங் இனிமே எப்ப வெப்பே?"

"இப்பவே இருக்கு. நேத்து வெச்சது. பசியாறிட்டுப் போ."

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். அறைகள் மூடப்படவில்லை. சனிக்கிழமைக்கு பஸ் வரவும் இல்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தேவதாஸ் விடுகிறானா? சாயங்காலம் வேலி ஓரம் வந்து நின்றான். "பாத்தீங்களா மாமா? போன் தப்பாச் சொன்னதாலதான் எல்லாம் நல்லபடியா ஆச்சு. சரியாச் சொல்லியிருந்தா அவங்க வந்திருக்கவே மாட்டாங்க. இவ்வளவு பேரு வந்திருக்கவும் மாட்டாங்க. நீங்க சும்மா அதத் திட்டுறீங்க."

"ஈ வெரட்டினது போனாடா?" என்றேன். "அந்தப் பொம்பள ஈ வெரட்டினா. ஒங்க போன் அவள முட்டாளாக்கிச்சு, ஒன் மச்சான முட்டாளாக்கிச்சு, என்னைப் பொணமாக்கப் பாத்துச்சு."

"நீங்க ஒத்துக்கவே மாட்டீங்க."

"மாட்டேன்."

அதற்குள் சந்து முனையில் கடகடவென்று சத்தம். ஒரு வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும் பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தார்கள். நான் கையை நீட்டி அடுத்த வீட்டைக் காட்டினேன். "சபெலா, சபெலா" என்றேன். தட்டுகிற மாதிரியும் செய்து காட்டினேன். தலையாட்டினார்கள். போனைப் பார்த்தார்கள். என் கதவைப் பார்த்தார்கள்.

கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோப்பிக் கடைப் பக்கம் நடந்தேன். தேவதாஸ் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். நான் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டேன். பெட்டிச் சக்கரம் இன்னும் நகரவில்லை. என் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.